வணிக வாட்டர் ஹீட்டரில் இன்டர்லாக், ரிலே வயரிங்: முழுமையான வழிகாட்டி

விடுதி, மருத்துவமனை, சலவைக்கூடம், பெரிய சமையற்கூடம் ஆகிய இடங்களில் இயங்கும் வாட்டர் ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தண்ணீரைச் சூடாக்குவதற்காக இருக்கும் கம்பிகள் மிகச் சிலவே என்பதும், மற்றவை எல்லாம் தகாத நேரத்தில் சூடாக்காமல் தடுப்பதற்காகவே இருக்கின்றன என்பதும் தெரியும். தொட்டியில் தண்ணீர் இல்லை, பம்ப் ஓடவில்லை, புகைபோக்கி அடைத்திருக்கிறது, எரிவாயு அழுத்தம் குறைந்துவிட்டது என்று ஏதேனும் ஒரு காரணத்தால் ஹீட்டரை நிறுத்தும் அந்தத் தடுப்புகளைத்தான் இன்டர்லாக் என்கிறோம். அவற்றின் கட்டளையைப் பர்னரிடமோ ஹீட்டிங் எலிமென்ட்டிடமோ கொண்டுசேர்ப்பவை ரிலேக்களும் (காயில் எனும் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தொடுமுனைகளைத் திறந்து மூடும் ஸ்விட்சுகள்) கான்டாக்டர்களும் (பெரிய மின்னோட்டத்துக்கான ரிலேக்கள்).

இந்த வேலையில் "இணைத்தேன், ஓடுகிறது" என்பது எதையும் நிரூபிப்பதில்லை. தவறாக இணைத்த இன்டர்லாக்கும் ஹீட்டரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடவிடும். நிறுத்த வேண்டிய அந்த ஒரு நாளில்தான் தவறு வெளிப்படும். ஆகவே படத்தில் வரையும் ஒவ்வொரு கம்பியிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? உறை தேய்ந்து பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் என்ன ஆகும்? இதன் முனையில் இருக்கும் ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் "ஹீட்டர் நிற்கும்" என்பதே விடையாக வேண்டும். அப்படி விடை வராத இடத்தில் இரண்டாவது தடுப்பு ஒன்று இருந்தாக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவைதாம்.

இங்கே சொல்லப்படுவது 24 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றுள்ள எரிவாயு ஹீட்டருக்கும், கான்டாக்டர் வழியே எலிமென்ட்டுகளை இயக்கும் மின்சார ஹீட்டருக்கும் பொருந்தும். ஹீட்டரோடு வரும் உற்பத்தியாளரின் வயரிங் படமும், அந்த இடத்தில் நடைமுறையில் உள்ள மின்சார, எரிவாயு விதிகளும் இந்த வழிகாட்டிக்கு மேலானவை. முரண் வந்தால் அவற்றையே பின்பற்ற வேண்டும். உரிமமும் பயிற்சியும் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது. பெட்டியைத் திறக்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை, அளப்பதற்கு முன்பும் பின்பும், மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஹீட்டர் பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து மின்சாரம் வருவது சாதாரணம்: பம்ப்புக்கு ஒன்று, கட்டட மேலாண்மைப் பேனலிலிருந்து ஒன்று என்று.

படி 1: தடுப்புகளைப் பட்டியலிடுதல்

கையில் ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் ஒரு தாளில் எல்லாத் தடுப்புகளையும் எழுதுங்கள். எரிவாயு ஹீட்டரில் பொதுவாக இருப்பவை: தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் வெட்டும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட், தண்ணீர் மட்டக் குறைவு கட்-ஆஃப், ஃபுளோ ஸ்விட்ச், குறைந்த வாயு அழுத்த ஸ்விட்ச், அதிக வாயு அழுத்த ஸ்விட்ச், எரிகாற்று அழுத்த ஸ்விட்ச், புகைபோக்கி அடைப்பு ஸ்விட்ச், காற்று வரும் வழியைத் திறந்து மூடும் டேம்பரின் எண்ட் ஸ்விட்ச், அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதை உறுதிசெய்யும் ஸ்விட்ச், கதவருகே அவசர நிறுத்தப் பொத்தான், வாயுக் கசிவு உணரியின் ரிலே. எல்லா ஹீட்டரிலும் எல்லாமும் இருக்காது. தண்ணீரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கமான தெர்மோஸ்டாட் இந்தப் பட்டியலில் சேராது. அது தினமும் பலமுறை திறந்து மூடும் கட்டுப்பாடு. இவை வருடக்கணக்கில் அசையாமல் இருந்து ஒரே ஒருமுறை அசைய வேண்டியவை. ரிலீஃப் வால்வும் இதில் சேராது. வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் சேர்ந்து திறக்கும் ரிலீஃப் வால்வு பொதுவாக 99 டிகிரி செல்சியஸில் திறக்கும். ஹை லிமிட் அதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு செய்திகளை எழுதுங்கள். முதலாவது, அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்புமா, அல்லது ஒருவர் வந்து பொத்தானை அழுத்த வேண்டுமா என்பது. இரண்டாவது, அதன் தொடுமுனை என்.ஓ. (நார்மலி ஓப்பன், இயல்பில் திறந்தது) வகையா, என்.சி. (நார்மலி க்ளோஸ்டு, இயல்பில் மூடியது) வகையா என்பது. இந்த இரண்டாவதில்தான் புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். "நார்மலி" என்ற சொல்லுக்கு "ஹீட்டர் நன்றாக ஓடும்போது" என்று பொருள் இல்லை. மின்சாரமோ அழுத்தமோ வெப்பமோ ஓட்டமோ இல்லாமல், அந்தக் கருவி கடை அலமாரியில் கிடக்கும் நிலையைத்தான் அது குறிக்கிறது. ஆகவே ஹை லிமிட்டில் என்.சி. முனையையும், தண்ணீர் ஓடினால் மூடும் ஃபுளோ ஸ்விட்சில் என்.ஓ. முனையையும் எடுக்க வேண்டும். ஹீட்டர் ஓடும் நேரத்தில் இரண்டும் மூடியே இருக்கும். பட்டியலில் உள்ள எல்லாத் தொடுமுனைகளும் ஓடும் நிலையில் மூடியிருக்க வேண்டும் என்பதே முதல் கேள்விக்கு நாம் தரும் விடை. கம்பி அறுந்தாலும் முனை கழன்றாலும் உணரிக்கு வரும் மின்சாரம் நின்றாலும் சுற்று திறந்து ஹீட்டர் நிற்கும். ஆபத்து வந்தால் மூடுகிற தொடுமுனையை வைத்து ஹீட்டரை நிறுத்த முயல்வது, அறுந்த கம்பியை நம்பி உயிரை ஒப்படைப்பதற்குச் சமம்.

படி 2: கட்டுப்பாட்டு மின்சாரமும் எர்த்தும்

இந்தப் படிக்கு அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் இங்கே செய்யும் ஒரு தவறு மற்ற எல்லாத் தடுப்புகளையும் ஒரே அடியில் பொய்யாக்கிவிடும்.

24 வோல்ட் மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் இரண்டு முனைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பெட்டியின் எர்த்தோடு இணைத்து அதைப் பொதுமுனை என்று வைத்துக்கொள்கிறோம், மற்றது உயிர்முனை. உயிர்முனையில் ஒரு ஃப்யூஸ் வைக்க வேண்டும். பொதுமுனையில் ஃப்யூஸோ ஸ்விட்சோ ஒருபோதும் வரக்கூடாது. ரிலேக் காயில், கேஸ் வால்வு, கான்டாக்டர் காயில் என எல்லாவற்றின் ஒரு முனையும் நேரே பொதுமுனைக்குப் போக வேண்டும். தெர்மோஸ்டாட், லிமிட், இன்டர்லாக் என எல்லாத் தொடுமுனைகளும் உயிர்முனைக்கும் காயிலுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஹை லிமிட்டைக் காயிலுக்கும் பொதுமுனைக்கும் நடுவே யாரோ இணைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாட்களில் எந்த வேறுபாடும் தெரியாது. லிமிட் திறந்தால் காயில் விடும், மூடினால் பிடிக்கும். ஆனால் காயிலிலிருந்து லிமிட்டுக்குப் போகும் கம்பியின் உறை ஹீட்டரின் விளிம்பில் தேய்ந்து உலோகத்தைத் தொட்ட கணமே, காயில் லிமிட்டின் உதவியே இல்லாமல் எர்த் வழியாகத் தன் சுற்றை முடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு லிமிட் திறந்தாலும் ஒன்றும் நடக்காது, எந்த ஃப்யூஸும் போகாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதே லிமிட் உயிர்முனைப் பக்கம் இருந்தால், அதே கம்பி அதே விளிம்பைத் தொடும்போது உயிர்முனை நேரே எர்த்துக்குப் போய் ஃப்யூஸ் வெட்டிவிடும், ஹீட்டர் நிற்கும், பராமரிப்பாளர் திட்டிக்கொண்டே வந்து பார்ப்பார். அந்தத் திட்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம்.

எர்த்தோடு இணைக்காமல் மின்மாற்றியை மிதக்கவிடுவது பாதுகாப்பானது என்று நினைப்பவர்களும் உண்டு. மிதக்கும் சுற்றில் முதல் எர்த் பழுது எந்த அடையாளமும் காட்டாது. இரண்டாவது பழுது வரும்போது அந்த இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கும் தொடுமுனைகளைத் தாண்டிவிடும். கம்பிகளின் மின்காப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி இருந்தால் ஒழிய அந்த வழியை எடுக்கக் கூடாது. எரிவாயு ஹீட்டரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சுடரின் ஊடாகப் போகும் சில மைக்ரோ ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை வைத்துத்தான் இக்னிஷன் மாட்யூல் (தீ மூட்டிக் கண்காணிக்கும் கருவி) தீ எரிகிறதா என்று அறிகிறது. அந்த மின்னோட்டம் பர்னரின் உலோகம் வழியே திரும்பி வர வேண்டும். பர்னருக்கும் பொதுமுனைக்கும் நல்ல எர்த் இணைப்பு இல்லையென்றால், தீ எரிந்துகொண்டிருக்கும்போதே மாட்யூல் "தீ இல்லை" என்று ஹீட்டரை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும் லாக்அவுட் நிலைக்குப் போகும். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் பல மாட்யூல்கள் இப்படியே நடந்துகொள்ளும்.

மின்மாற்றியின் திறனையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 40 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி 24 வோல்ட்டில் சுமார் 1.67 ஆம்பியர்தான் தரும். கேஸ் வால்வு அரை ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், மாட்யூலும் டேம்பர் மோட்டாரும் தம் பங்கைக் கேட்கும். அதற்கு மேல் ஒரு பெரிய கான்டாக்டர் காயிலையும் அதிலேயே தொங்கவிட்டால், அது இழுக்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து எல்லாமே படபடக்கும். கூடுதல் சுமை வரும்போது பெரிய மின்மாற்றி போடுவதைவிட, அந்தச் சுமைக்குத் தனி மின்சாரம் கொடுத்து, நடுவில் ஒரு சிறு ரிலேயை வைப்பதே நல்ல வழி.

படி 3: வரிசையில் கோத்தல்

தடுப்புகள் எல்லாம் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைய வேண்டும். மின்சாரத்துக்கு வரிசை முக்கியமில்லை. பழுது தேடும் மனிதருக்கு முக்கியம். என் வழக்கம் இது: ஃப்யூஸுக்கு அடுத்து அவசர நிறுத்தப் பொத்தான், பிறகு கையால் மட்டுமே மீட்கக்கூடிய லிமிட்டுகள், பிறகு தண்ணீர் மட்டம், வாயு அழுத்தங்கள், பிறகு வழக்கமான தெர்மோஸ்டாட், அதற்கும் பிறகே அழைப்பு (தெர்மோஸ்டாட் சூடு கேட்பது) வந்தபின் மூட வேண்டிய ஃபேன், டேம்பர், ஓட்டம் ஆகியவற்றின் உறுதிசெய்யும் ஸ்விட்சுகள். எப்போதும் மூடியிருக்க வேண்டியவை முன்னாலும், அழைப்பின்போது மட்டும் மூடுபவை பின்னாலும் வந்துவிட்டால், எந்த இடத்தில் மின்சாரம் நின்றுபோனது என்று பார்த்த உடனே பழுதின் தன்மை புரிந்துவிடும்.

ஒவ்வொரு ஸ்விட்சின் இரண்டு கம்பிகளும் பெட்டிக்குள் இருக்கும் எண்ணிட்ட டெர்மினல்களுக்குத் தனித்தனியே வந்து சேரட்டும். ஒரு ஸ்விட்சிலிருந்து பக்கத்து ஸ்விட்சுக்கு வெளியிலேயே தாவிப் போகும் கம்பி கேபிளை மிச்சப்படுத்தும். பிறகு ஒவ்வொரு பழுதுக்கும் ஏணி கேட்கும்.

எரிகாற்று அழுத்த ஸ்விட்சை இந்தத் தொடரில் சேர்க்குமுன் மாட்யூலின் படத்தைப் பாருங்கள். பல மாட்யூல்களில் அதற்கென்று தனி உள்ளீடு இருக்கும். ஃபேன் ஓடுவதற்கு முன் அந்த ஸ்விட்ச் திறந்திருக்கிறதா, ஓடிய பின் மூடுகிறதா என்று இரண்டையும் மாட்யூல் சோதித்து, அதன் பிறகே எரியறையைக் காற்றால் ஊதி வாயு எச்சங்களை வெளியேற்றிவிட்டுத் தீப்பொறி போடும். அந்த ஸ்விட்சுக்குக் குறுக்கே ஜம்பர் (ஸ்விட்சைத் தாண்டி இரு முனைகளையும் நேரே இணைக்கும் கம்பி) போட்டவர்கள், ஹீட்டர் இன்னும் பிடிவாதமாக ஓட மறுப்பதைக் கண்டு குழம்புவது இதனால்தான்.

படி 4: ரிலேயைத் தேர்ந்து இணைத்தல்

ரிலே ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு மின்சாரத்தில் வரும் கட்டளையை, அதோடு கலக்காமல், இன்னொரு மின்சாரத்தில் சொல்கிறது. கட்டட மேலாண்மைப் பேனல், தீ எச்சரிக்கைப் பேனல், பக்கத்து ஹீட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் என்று வெளியிலிருந்து எது வந்தாலும் அது ஹீட்டரின் தொடருக்குள் மின்சாரமில்லாத வெறும் தொடுமுனையாக மட்டுமே நுழைய வேண்டும். வெளிப் பேனலின் 24 வோல்ட்டும் ஹீட்டரின் 24 வோல்ட்டும் ஒன்றுதானே என்று சேர்த்துவிட்டால், இரண்டு மின்மாற்றிகளின் முனைகளும் எதிரெதிராக அமைந்திருக்கும் நிலையில் அவற்றுக்கிடையே 48 வோல்ட் நிற்கும். மாட்யூல் எரிந்து போவதற்கு அது போதும்.

சாக்கெட்டில் செருகும் வட்ட அடி ரிலேக்களின் எண்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைந்தவை. எட்டுக் கால் ரிலேயில் காயில் 2, 7; பொதுமுனைகள் 1, 8; அவற்றின் என்.ஓ. முனைகள் 3, 6, என்.சி. முனைகள் 4, 5. பதினோரு கால் ரிலேயில் காயில் 2, 10 ஆகிவிடும். இரண்டையும் மாற்றி நினைத்து 7-இல் காயில் கம்பியைப் போட்டவர் பலர். ஆகவே ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும், நினைவிலிருந்து அல்ல.

காயிலின் மின்னழுத்தம், மாறுமின்சாரமா நேர்மின்சாரமா என்பது, தொடுமுனையின் ஆம்பியர் அளவு ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். பலர் பார்க்காதது தொடுமுனையின் குறைந்தபட்சச் சுமை. 10 ஆம்பியருக்கான வெள்ளித் தொடுமுனையில், மின்னணு உள்ளீடு ஒன்றுக்காகச் சில மில்லியாம்பியர் மட்டும் ஓடினால், அந்த வெள்ளியின் மேல் படியும் கறையை எரித்து நீக்க அந்த மின்னோட்டம் போதாது. சில மாதங்களில் மூடியும் மூடாத நிலை வரும். மாட்யூல் உள்ளீடுகளுக்குத் தங்கப் பூச்சுள்ள தொடுமுனையே ஏற்றது. அதே போல மோட்டாரை இயக்கும் ரிலேக்கு, ஹீட்டிங் எலிமென்ட் போன்ற மின்தடைச் சுமைக்கான எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. மோட்டார் சுமைக்கான எண் அதைவிட மிகக் குறைவாக இருக்கும்.

காயில் விடும்போது எழும் மின்னழுத்த அதிர்வை அடக்க நேர்மின்காயிலுக்குக் குறுக்கே டையோடும், மாறுமின்காயிலுக்குக் குறுக்கே வேரிஸ்டரோ மின்தேக்கி-மின்தடைச் சேர்க்கையோ போடலாம். அந்தச் சேர்க்கையை லிமிட் தொடுமுனைக்குக் குறுக்கே மட்டும் போடாதீர்கள். தொடுமுனை திறந்த பிறகும் அதன் வழியே கசியும் மின்னோட்டம் ஒரு சிறு ரிலேயைப் பிடித்துவைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

படி 5: ஃபேனும் டேம்பரும்

ஹீட்டர் அழைத்தால் அறையின் காற்று டேம்பர் திறக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், இரண்டும் உறுதியான பிறகே பர்னர் எரிய வேண்டும். இதற்கு இரண்டு ரிலேக்கள் தேவை. முதல் ரிலேயின் காயிலைத் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால், ஆனால் உறுதிசெய்யும் ஸ்விட்சுகளுக்கு முன்னால் உள்ள டெர்மினலிலிருந்து எடுக்க வேண்டும். அதன் தொடுமுனை ஃபேனின் கான்டாக்டரையும் டேம்பரையும் இயக்கும். ஃபேன் ஓடியதும் காற்று ஸ்விட்சும், டேம்பர் முழுதாகத் திறந்ததும் எண்ட் ஸ்விட்சும் தொடராக மூடி இரண்டாவது ரிலேக்கு மின்சாரம் கொடுக்கும். இரண்டாவது ரிலேயின் என்.ஓ. தொடுமுனைதான் ஹீட்டரின் தொடரில் நிற்கும். முதல் ரிலேயைத் தொடரின் கடைசியிலிருந்து எடுத்துவிட்டால், ஹீட்டர் ஃபேனுக்காகவும் ஃபேன் ஹீட்டருக்காகவும் காத்துக்கொண்டே இருக்கும்: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

ஃபேன் ஓடுவதை எதை வைத்து உறுதிசெய்வது? கான்டாக்டரின் துணைத் தொடுமுனை, கான்டாக்டர் இழுத்தது என்பதை மட்டும் சொல்லும். மோட்டார் கம்பியில் மாட்டும் மின்னோட்ட ஸ்விட்ச், மோட்டார் மின்சாரம் எடுக்கிறது என்று சொல்லும். மூன்று ஃபேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் அதே பதிலைத்தான் சொல்லும். ஃபேனுக்குக் குறுக்கே வைக்கும் அழுத்த வேறுபாட்டு ஸ்விட்சே காற்றைப் பற்றிப் பேசுகிறது. பெல்ட் அறுந்ததையும் அது கண்டுகொள்ளும். சற்றுக் கூடுதல் செலவு, சற்றுக் கூடுதல் குழாய் வேலை. ஆயினும் என் தேர்வு அதுதான்.

ஒரே ஃபேனை மூன்று ஹீட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் அறைகளில் ஒவ்வொரு ஹீட்டருக்கும் தனி அழைப்பு ரிலே வைத்து, அவற்றின் தொடுமுனைகளை இணையாகச் சேர்த்து ஃபேனை இயக்க வேண்டும். உறுதிசெய்யும் ரிலே மூன்று துருவங்கள் (ஒன்றோடொன்று சேராத தனித்தனித் தொடுமுனைகள்) உள்ளதாக இருந்து, ஒவ்வொரு துருவமும் ஒரு ஹீட்டரின் தொடருக்கு மட்டும் போக வேண்டும். ஒரே தொடுமுனையை மூன்று ஹீட்டர்களுக்கும் கொடுத்தால் மூன்று மின்மாற்றிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு ஒரு ஹீட்டரை அணைத்துப் பூட்டியிருந்தாலும் அதன் டெர்மினல்களில் பக்கத்து ஹீட்டரின் மின்சாரம் இருக்கும்.

படி 6: பம்ப்பும் ஓட்டமும்

சுருள்குழாய் வகை ஹீட்டரில் ஓட்டமின்றிப் பர்னர் எரிந்தால் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு தண்ணீர் கொதித்துவிடும். இங்கும் ஃபேனுக்குச் சொன்ன முறையே: அழைப்பு பம்ப் ரிலேயை இயக்க, ஃபுளோ ஸ்விட்ச் மூட, அதன் பின் பர்னர். பர்னர் அணைந்த பிறகும் சில நிமிடங்கள் பம்ப் ஓடினால் உலோகத்தில் தங்கிய வெப்பம் தண்ணீரோடு போய்விடும். இதற்கு, மின்சாரம் போன பின் தாமதித்து விடும் டைமர் ரிலே பயன்படும். ஃபுளோ ஸ்விட்சின் அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்கட்டும், வளைவுகளை ஒட்டி வைக்க வேண்டாம். சுழிப்பில் துடுப்பு ஆடி ரிலே படபடத்தால், அதற்கு மருந்து ஸ்விட்சை இடம் மாற்றுவதே. நீண்ட தாமதத்தை நுழைப்பது நோயை மறைக்கும்.

படி 7: மின்சார ஹீட்டரின் கான்டாக்டர்கள்

மூன்றாவது கேள்வி, அதாவது தொடுமுனை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது, மின்சார ஹீட்டரில்தான் மிகக் கூர்மையாக நிற்கிறது. 36 கிலோவாட் ஹீட்டர் 400 வோல்ட் மூன்று ஃபேஸில் சுமார் 52 ஆம்பியர் எடுக்கும். அதை 12 கிலோவாட் வீதம் மூன்று கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கான்டாக்டரும் சுமார் 17 ஆம்பியரைத் தினமும் பலமுறை திறந்து மூடுகிறது. பல லட்சம் முறைக்குப் பின் ஏதோ ஒருநாள் அதன் தொடுமுனைகளில் ஒன்று உருகி ஒட்டும். அப்போது ஹை லிமிட் அந்தக் கான்டாக்டரின் காயிலை வெட்டி என்ன பயன்? காயில் விட்டாலும் எலிமென்ட்டில் மின்சாரம் நிற்காது.

ஆகவே கட்டக் கான்டாக்டர்களுக்கு முன்னால் ஒரு முதன்மைக் கான்டாக்டரை வையுங்கள். தெர்மோஸ்டாட்டும் கட்டக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டக் கான்டாக்டர்களை மட்டும் இயக்கட்டும். ஹை லிமிட், தண்ணீர் மட்டம், அவசர நிறுத்தம் ஆகியவை முதன்மைக் கான்டாக்டரின் காயிலை வெட்டட்டும். முதன்மை முதலில் மூடி, கடைசியில் திறக்கும்படி அமைத்தால் அது அன்றாடம் சுமையை வெட்டுவதில்லை. தேவைப்படும் நாளில் அதன் தொடுமுனைகள் நல்ல நிலையில் இருக்கும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஐஇசி 60947-4-1 தரநிலையில் மிரர் கான்டாக்ட் என்று வரையறுத்த துணைத் தொடுமுனை உள்ள கான்டாக்டர்களில், முதன்மைத் தொடுமுனைகளில் ஒன்று ஒட்டியிருந்தாலும் துணை என்.சி. முனை மூடாது. எல்லாக் கட்டக் கான்டாக்டர்களின் இந்த என்.சி. முனைகளையும் தொடராக்கி முதன்மைக் கான்டாக்டரின் தொடக்கப் பாதையில் வைத்தால், எந்தக் கட்டம் ஒட்டியிருந்தாலும் ஹீட்டர் அடுத்த முறை தொடங்காது. ரிலேக்களில் இதே பண்பு வேண்டுமென்றால், தொடுமுனைகள் ஒன்றோடொன்று இயந்திரமுறையில் பிணைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணச் செருகு ரிலேக்களில் அந்த உறுதி இல்லை.

படி 8: மீட்புப் பொத்தான்

வாயுக் கசிவு உணரி, தண்ணீர் மட்ட ரிலே போன்றவை ஆபத்து விலகியதும் தாமே மூடிக்கொள்ளும். ஹீட்டர் தானாக மறுபடி எரியாமலிருக்க ஒரு பூட்டு ரிலே தேவை. தடுப்புகளின் தொடருக்குப் பின் மீட்புப் பொத்தானும், பொத்தானுக்கு இணையாக ரிலேயின் சொந்த என்.ஓ. தொடுமுனையும், அதன் பின் ரிலேக் காயிலும் வர வேண்டும். அழுத்தினால் ரிலே இழுத்துத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். தடுப்புகளில் ஏதேனும் ஒன்று திறந்தால் விட்டுவிடும். அந்த இணைப்பு பொத்தானை மட்டுமே தாண்ட வேண்டும். அதன் மறுமுனை தொடரின் ஆரம்பத்துக்கு, அதாவது ஃப்யூஸ் பக்கம் போய்விட்டால், ஒருமுறை இழுத்த ரிலேயை எந்தத் தடுப்பாலும் விடுவிக்க முடியாது. ஒரே ஒரு கம்பி, இரண்டு டெர்மினல் தள்ளிப் போனால் போதும்.

இந்த ரிலே மின்தடையின்போதும் விட்டுவிடும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்குப் பயந்து பொத்தானைக் குச்சியால் அழுத்திக் கட்டிவிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அத்தகைய இடத்தில் இயந்திரமுறையில் தன் நிலையை நினைவில் வைக்கும் லிமிட்டையோ ரிலேயையோ போடுவது மேல்.

படி 9: கேபிள்

24 வோல்ட்டில் தூரம் பெரிய எதிரி. 60 மீட்டர் தொலைவுக்கு 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பி போனால், போக வர 120 மீட்டரில் சுமார் 3 ஓம் தடை சேரும். பெரிய கான்டாக்டர் காயில் இழுக்கும் கணத்தில் 2.5 ஆம்பியர் கேட்டால் ஏழு வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். மீதமுள்ள 16, 17 வோல்ட்டில் காயில் முழுதாக இழுக்காது. பொதுவாகக் காயில்களுக்குக் குறித்த மின்னழுத்தத்தில் 80 சதவீதமாவது வேண்டும். அந்த முனையில் 50 மில்லியாம்பியர் போல எடுக்கும் சிறு ரிலேயை வைத்து, கான்டாக்டருக்கு அங்கேயே மின்சாரம் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

230 வோல்ட் ரிலேக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. நீண்ட கேபிளில் பக்கம் பக்கமாக ஓடும் கம்பிகளுக்கிடையே மின்தேக்கம் உண்டு. கிலோமீட்டருக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், 50 ஹெர்ட்ஸில் 200 மீட்டர் கேபிள் வழியே 4 மில்லியாம்பியருக்கு மேல் கசியும். சிறு ரிலேயின் காயில் பிடித்திருக்க அதுவே போதும். தொலைவில் உள்ள ஸ்விட்ச் திறந்த பிறகும் ரிலே விடாது. தொலைதூர இன்டர்லாக்குகளுக்கு 24 வோல்ட் நேர்மின்சாரம் பாதுகாப்பானது.

இழைக் கம்பிகளுக்கு ஃபெரூல் (முனையில் மாட்டும் சிறு உலோகக் குழல்) அழுத்துங்கள், இரு முனைகளிலும் ஒரே எண் போடுங்கள், 24 வோல்ட் கம்பிகளை மெயின் கம்பிகளிலிருந்து பிரித்து நடத்துங்கள், தீப்பொறிக் கம்பியை எதனோடும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

படி 10: சோதனை

முதலில் கேஸ் வால்வை மூடி, அல்லது எலிமென்ட்டுகளுக்கான எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டும் உயிர்ப்பியுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பொதுமுனையில் நிலையாக வைத்து, மறுமுனையால் தொடரின் டெர்மினல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லுங்கள். 24 வோல்ட் எங்கே மறைகிறதோ அதற்கு முந்தைய ஸ்விட்ச் திறந்திருக்கிறது. ஸ்விட்சுக்குக் குறுக்கே அளப்பதும் உண்டு. ஆனால் இரண்டு ஸ்விட்சுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் அந்த முறை இரண்டையுமே நல்லவை என்று காட்டி ஏமாற்றிவிடும். சுமை ஓடும்போது மூடிய தொடுமுனைக்குக் குறுக்கே அரை வோல்ட் கண்டாலே அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு தடுப்பையும் அது உணரும் பொருளைக் கொண்டே இயக்கிப் பாருங்கள். கம்பியைக் கழற்றிப் பார்ப்பது வயரிங்கை மட்டும் சோதிக்கும், உணரியைச் சோதிக்காது. தண்ணீர் மட்டத்தை இறக்குங்கள், பம்ப்பை நிறுத்துங்கள், காற்று ஸ்விட்சின் குழாயைக் கழற்றுங்கள், வாயு வால்வை மெல்ல மூடுங்கள், ஹை லிமிட்டை அதன் அமைப்பு இடம் கொடுத்தால் கீழே இறக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எது வெட்டியது, எவ்வளவு நேரத்தில் வெட்டியது, தானாக மீண்டதா என்று தேதியோடு எழுதி, அந்தத் தாளைப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவையுங்கள்.

சோதனைக்காகப் போடும் ஜம்பரைப் பற்றி ஒரு சொல். ஒருமுறை ஓர் ஆண்டுச் சோதனையில் நான் தொட்டியின் தண்ணீரை முழுவதும் இறக்கிய பின்னும் தொடரில் 24 வோல்ட் அசையாமல் நின்றது. தேடியபோது, டெர்மினல் வரிசையின் பின்புறத்தில், மற்றக் கம்பிகளின் அதே நிறத்தில், அதே ஃபெரூலோடு ஒரு சிறு கம்பி தண்ணீர் மட்ட ஸ்விட்சுக்குக் குறுக்கே போடப்பட்டிருந்தது. யார், எப்போது போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து என் பையில் இருக்கும் ஜம்பர்கள் எல்லாம் ஒரு மீட்டர் நீளம், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். அவற்றை மாட்டிக்கொண்டு பெட்டியின் கதவை மூட முடியாது. வேலை முடிந்ததும் அவற்றை எண்ணிப் பையில் போட்ட பிறகே கேஸ் வால்வைத் திறக்கிறேன்.